‘சுகுணா நிலை’யின் அற்ப ஆயுள்

பெரிய கண்டுபிடிப்புகள் தற்செயலாக நடக்கின்றன என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தற்செயலாக நடப்பவற்றில் பெரும்பாலானவை கண்டுபிடிப்புகளே அல்ல என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. எழுதியிருந்தால், சித்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனங்கள் திருப்பதிக்கு வந்து, ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஏசி அரங்கில் உட்கார்ந்து, என் மானம் போவதைப் பார்த்துக் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

அப்போது நான் திருப்பதியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். (நாங்கள் சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். ஆனாலும் நான் லீவுக்கு வரும்போதெல்லாம் தெருவில் பாதிப் பேர் லட்டு கேட்பார்கள். திருப்பதியில் இருப்பவள் லட்டு வாங்காமல் அங்கே வேறு என்னத்தைத்தான் கிழிக்கிறாள் என்று அவர்களுக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்.)

நான் கிழித்தது இதுதான். கார்பன், நைட்ரஜன் இவற்றையெல்லாம் கோத்து, தேன்கூடு மாதிரி ஒழுங்காகக் கட்டிய ஒருவகைப் பொருள் இருக்கிறது. கரிமச் சட்டகம் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே பார்த்தால் கோலமாவு போல வெறும் பொடி. உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணுக்கே தெரியாத ஓட்டைகள். அதன்மேல் ஒளி விழுந்தால், உள்ளே இருக்கும் ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டு எழும்பும். அது எழுந்த இடம் காலியாக நிற்கும். எழுந்ததும் காலியிடமும் ஒன்றையொன்று பிரிய மனமில்லாமல் ஜோடியாகச் சட்டகத்துக்குள் அலையும். அந்த ஜோடிக்கு எக்ஸிடான் என்று பெயர். அது எவ்வளவு தூரம் அலைகிறது, எங்கே சாகிறது, சாகும்போது ஒளியாகப் போகிறதா வெறும் சூடாகப் போகிறதா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

என் சட்டகத்தில் எக்ஸிடான்கள் பிறந்த வேகத்திலேயே செத்துக்கொண்டிருந்தன. ஒளியை வாங்கும். அவ்வளவுதான், கம்மென்று ஆகிவிடும். ஒரு துளி மினுக்கம் கிடையாது. என் கைடு ஒரு தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். நான் காட்டும் ஒவ்வொரு செத்த வரைபடத்தையும் பார்த்து “பர்வாலேதம்மா” என்பார். பரவாயில்லையம்மா என்று அர்த்தம். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. அவர் குரலில் அதற்கு ‘நீ பேசாமல் பி.எட். படித்திருக்கலாம்’ என்று அர்த்தம்.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை சித்தூரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தோடு ஆய்வகத்துக்கு வந்தேன். எங்கள் அம்மாவுக்கு மஞ்சள் தூள் என்பது சமையல் பொருள் அல்ல, கொள்கை. மத்தியானம் சாப்பிட்டு முடித்துவிட்டு, எத்தனாலில் கழுவிய பொடியை உலரவைக்கக் கண்ணாடித் தட்டு தேடினேன். ஒன்றுகூட இல்லை. பக்கத்து மேஜை பார்கவி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். (பார்கவி காளஹஸ்திப் பெண். தமிழ் அவளுக்குச் சண்டை போடும் அளவுக்கு வரும். என்னோடு பழகியதால் வந்தது.) நான் என்ன செய்தேன் என்றால், சாப்பாட்டு டப்பாவின் பிளாஸ்டிக் மூடியைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, அதில் ஈரப்பொடியைப் பரப்பி, ஆய்வகத்தில் உலர்த்துவதற்கு வைத்திருக்கும் இளஞ்சூட்டு அடுப்புக்குள் வைத்தேன். மூடி வெள்ளை மூடி. வருஷக்கணக்கில் எலுமிச்சை சாதத்தை மூடி மூடி வெளிர் மஞ்சளாகியிருந்தது. என் பொடியும் வெளிர் மஞ்சள். பொருத்தம் பார்த்துச் செய்த மாதிரி இருந்தது.

மறுநாள் அந்தப் பொடியின்மேல் புறஊதா டார்ச்சை அடித்தேன். பொடி ஒளிர்ந்தது.

லேசாக அல்ல. பச்சையும் பொன்னும் கலந்த நிறத்தில், கோயில் திருவிழா சீரியல் பல்பு மாதிரி ஒளிர்ந்தது. கருவியில் வைத்து அளந்தால், செத்துக்கொண்டிருந்த இடத்தில் புதிதாக ஒரு மேடு. அந்த ஒளி முந்தைய எக்ஸிடான்களின் ஆயுளைவிடப் பல மடங்கு நீடித்தது. இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருத்தி ‘பொடியில் என்ன கலந்தது?’ என்று கேட்டிருப்பாள். நான் ‘ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் ரொம்பக் குளிருமா?’ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கொள்கையும் தயார் செய்தேன். சட்டகத்தின் அடுக்குகள் கொஞ்சம் நழுவி, எக்ஸிடான் வந்து தங்கி இளைப்பாற ஓர் இடம் உருவாகியிருக்கிறது. இதுவரை உலகத்தில் யாரும் பார்த்திராத நிலை. அதற்குப் பெயர் வேண்டாமா? வைத்தேன். ‘சுகுணா நிலை.’ (சுகுணா என்பது நான்தான். தன்னடக்கம் காரணமாக இதுவரை சொல்லவில்லை.)

கைடு சார் “இன்னொரு தடவை செய்” என்றார். செய்தேன். அதே மூடியில்தான் செய்தேன், ராசியான மூடி அல்லவா! மறுபடியும் ஒளிர்ந்தது. பார்கவியையும் செய்யச் சொன்னார். அவள் கண்ணாடித் தட்டில் உலர்த்தினாள். ஒரு வெளிச்சமும் வரவில்லை. நான் அவள் தோளில் கை வைத்து, “எல்லாருக்கும் கை வராது பார்கவி, வருத்தப்படாதே” என்றேன்.

“சரி தல்லி” என்றாள் பார்கவி. தல்லி என்றால் தாயே. பக்தியோடு சொன்னதாகத் தெரியவில்லை.

கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினோம். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்னால் எல்லோர் முன்பும் ஒரு கருத்தரங்க உரை தரவேண்டும் என்பது விதி. அதில் தேறினால்தான் பட்டம். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை மதிப்பிட வருவதாக இருந்தது. அறிவிப்பின் அடியில் வழக்கம்போல ‘அனைவரும் வருக’ என்று போட்டிருந்தார்கள். நான் அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெருமைக்குத்தான் போட்டேன். எங்கள் நைனா, அதாவது அப்பா, அதை அழைப்பிதழ் என்று எடுத்துக்கொண்டார்.

நைனா ரிடையர்டு பஸ் கண்டக்டர். மனுஷர்களைக் கும்பலாகப் பார்த்தால் ஏற்றிவிடத் தோன்றும் அவருக்கு. அன்று சாயங்காலமே போன் வந்தது.

“சபையில சொல்லிட்டேன்மா. வேன் பேசியாச்சு. பாஸ்டர் ஐயா கூட வரேன்னுட்டாரு.”

“நைனா! அது சும்மா வழக்கத்துக்குப் போடறது. யாரும் வரமாட்டாங்க.”

“யாரும் வரமாட்டாங்களா? அதான் நாங்க வரோமே. எம் பொண்ணு பேசச் சொல்ல ஹால் காலியா கீதுன்னா நல்லாவா கீது?”

“எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும் நைனா. ஒண்ணும் புரியாது.”

“பைபிள்ல வெளிப்படுத்தல் கூடத்தான் புரியல. வாராவாரம் ஒக்காந்து கேக்கறோம்ல?”



உரை நாளன்று காலை நான் புடவையில், ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு நின்றபோது வேன் வந்து நின்றது. விடியற்காலையே கிளம்பியவர்கள், சீக்கிரம் வந்துவிட்டார்கள். அம்மா எல்லோருக்கும் டிபன் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நிறுவனத்தின் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பாட்டில் தண்ணீரில் விரலைச் சம்பிரதாயத்துக்கு நனைத்துக்கொண்டு அரங்குக்கு வந்தார்கள். வாசலில் நைனா நின்றுகொண்டார்.

“உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல காலியா கீது பாரு. யம்மா, பையை மடில வெச்சிக்கோ.”

கைடு சார் என் பக்கம் குனிந்து, “எவரும்மா வீள்ளு?” என்றார். யார் இவர்கள் என்று.

“எங்க வீட்டுக்காரங்க சார்.”

“அந்தரூனா?” எல்லோருமா என்று கேட்டார். அப்போது நைனா அவரையும் ஆராய்ச்சி மாணவர்களையும் கடைசி வரிசைக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

பேச ஆரம்பித்தேன். ஜனங்கள் பிரசங்கம் கேட்கும் பொறுமையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் நிறுத்துகிற இடத்தில் கைதட்டவேண்டும் என்று நைனா சொல்லிவைத்திருந்தார் போலிருக்கிறது. பழைய சட்டகத்தில் எக்ஸிடான்கள் எப்படி உடனுக்குடன் செத்தன என்ற படத்தைக் காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். அரங்கமே அதிர்ந்தது. சாவுக்கு அவ்வளவு கைதட்டல் எங்கேயும் கிடைத்திருக்காது. முன்வரிசையில் மதிப்பிட வந்த பேராசிரியை திரும்பிப் பார்த்தார். நரைத்த முடி, பருத்திப் புடவை, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. அந்த மாதிரி முகங்கள் ஆபத்தானவை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்தது நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த உச்சக்கட்டம். விளக்குகளை அணைக்கச் சொன்னேன். இரண்டு சின்னக் குப்பிகள். ஒன்றில் பார்கவியின் பொடி, மற்றதில் என் பொடி. புறஊதா டார்ச்சை முதலில் அவள் குப்பியில் அடித்தேன். இருட்டு. பிறகு ஒரு நடிகையைப் போலத் தயங்கி நின்றுவிட்டு, என் குப்பியில் அடித்தேன்.

பச்சைப் பொன்னாக எரிந்தது. சபை முழுவதும் “ஆ…” என்றது. பாஸ்டர் ஐயா “ஸ்தோத்திரம்” என்றார். நான் ஆங்கிலத்தில், “இதுதான் சுகுணா நிலை” என்றேன். அந்த ஒரு நிமிஷம் நான் அனுபவித்த சந்தோஷத்தை எந்த எக்ஸிடானும் அனுபவித்திருக்காது. ஆயுளும் ஏறக்குறைய அதே அளவுதான்.

பேராசிரியை எழுந்து வந்து டார்ச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குப்பியைக் கிட்டத்தில் பார்க்கலாமா என்றார். பெருமை தலைக்கேறியிருந்த நான், “நைனா, நீங்க வந்து இத புடிங்க, மேடம் பாக்கட்டும்” என்றேன். நைனா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து குப்பியை இரண்டு விரலால் பயபக்தியோடு பிடித்தார். பேராசிரியை டார்ச்சை அடித்தார்.

குப்பி ஒளிர்ந்தது. நைனாவின் விரல்களும் ஒளிர்ந்தன. அதே நிறத்தில்.

“ஐயோ, ஒட்டிக்கினுச்சும்மா!” என்று அலறினார் நைனா.

“இன்னாங்க ஆச்சு?” என்று அம்மா முன்வரிசையிலிருந்து எழுந்தார். டார்ச் அவர் பக்கம் திரும்பியது. அம்மாவின் வலது கை மணிக்கட்டு வரை ஒளிர்ந்தது. பேராசிரியை அவசரமே இல்லாமல் டார்ச்சை வரிசை வரிசையாக நகர்த்தினார். இருட்டுக்குள் கைகள் எரிந்தன. உதடுகள் எரிந்தன. பாஸ்டர் ஐயாவின் மீசையில் ஒரு பருக்கை நட்சத்திரம்போலத் தொங்கியது. எனக்கு முதலில் வந்த எண்ணம், என் பொடி காற்றில் பறந்து சித்தூர் சபை முழுவதையும் பிடித்துக்கொண்டுவிட்டது என்பதுதான். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன்.

பேராசிரியை ஆங்கிலத்தில், மிக மரியாதையாகச் சொன்னார்: “இந்த ஊரில் சுகுணா நிலை ரொம்பப் பரவலாக இருக்கிறதே.” பிறகு கேட்டார்: “இவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள்?”

நைனாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரிந்துவிட்டது.

“லெமன் ரைஸ் மேடம்! உங்களுக்குக் கூட எட்த்தாந்து கீறோம். ஏ, அந்த டப்பாவைத் தொற!”

அம்மா டப்பாவைத் திறந்தார். டார்ச் வெளிச்சத்தில் டப்பாவுக்குள்ளிருந்து ஒரு சூரியன் உதித்தது. அம்மாவின் இன்னொரு கையில் மூடி இருந்தது. வெள்ளை மூடி, மஞ்சள் கறை ஏறிய மூடி. என் ராசியான மூடியின் கூடப்பிறந்தது. புறஊதா பட்டால் மஞ்சள் ஒளிரும். அந்த மூடி தேய்த்துக் கழுவிய பிறகும் எத்தனால் பட்டால் மஞ்சளை விடும். விட்ட மஞ்சளை என் சட்டகத்தின் ஓட்டைகள் ஆசையாக உறிஞ்சும். எல்லாம் எனக்கு அந்த ஒரே நொடியில் புரிந்தது. முனைவர் பட்ட ஆராய்ச்சியில் நான் அவ்வளவு வேகமாக எதையும் புரிந்துகொண்டதில்லை. கடைசி வரிசையிலிருந்து பார்கவியின் சிரிப்பு கேட்டது. வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டும் கேட்டது.

இதோடு முடிந்திருக்கலாம். நைனா ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார்.

“பாத்தீங்களா? எம் பொண்ணு கண்டுபுட்ச்ச வெளிச்சம் நம்ப ஊட்டு சோத்துலயே கீது! நமக்குத் தெரியாம நாம துன்னுக்கினு இருந்திருக்கோம்!”

கைதட்டல் அடங்கவே இல்லை. பாஸ்டர் ஐயா எழுந்து, மறைந்திருந்ததை வெளிப்படுத்தியதற்காகச் சிறு நன்றி ஜெபம் செய்தார். எல்லோரும் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன். எனக்குக் காரணம் வேறு.

பேராசிரியை ஜெபம் முடியும்வரை டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு மறுபடி போட்டார். நடுவரிசையில் ஒருவர்மேல் வெளிச்சம் நின்றது. கண்ணாடி போட்ட ஓர் இளைஞர். இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் ஜெகஜோதியாக இருக்க, அவர் கைகள் மட்டும் இருட்டாக இருந்தன. அவர் எழுந்து நின்று, தப்பு செய்தவர்போல, “நான் ஸ்பூன்ல சாப்ட்டேன் மேடம்” என்றார்.

“நல்லது,” என்றார் பேராசிரியை என்னிடம். “ஒப்பிட்டுப் பார்க்கக் கன்ட்ரோல் சாம்பிளும் கொண்டுவந்திருக்கிறீர்கள்.”

விளக்குகள் போடப்பட்டன. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பிரகாசமான வெளிச்சம் அதுதான்.

அதன்பிறகு நடந்தவற்றில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் போனது. அது போனபின் மிஞ்சியது செத்த எக்ஸிடான்களும் என் பெயரும்தான். கைடு சார் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு “பர்வாலேதம்மா” என்றார். முதல் தடவையாக அகராதி அர்த்தத்தில் சொன்னார். அதுதான் என்னை அழவைத்தது.

ஆய்வகத்தில் அழுதுகொண்டிருந்தபோது பார்கவி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“பசுப்பு உள்ள எப்டி போச்சு, அது தெலுசு,” என்றாள். பசுப்பு என்றால் மஞ்சள், தெலுசு என்றால் தெரியும். “வெளிச்சம் பசுப்புகிட்ட எப்டி போச்சு? அத சொல்லு தல்லி.”

“என்ன பார்கவி, கிண்டலா?”

“கிண்டல் ஆமா. கொஸ்டின் கூட ஆமா. சட்டகம் வாங்கற லைட்டத்தானே நீ குட்த்தே? பசுப்பு கொஞ்சூண்டுதான் கீது. அது இத்தன வெளிச்சம் எப்டி போடும்? சட்டகம் வாங்கி அதுக்குக் குட்த்துதா?”

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். ஓட்டைக்குள் விருந்தாளியாக ஒரு நிறமி உட்கார்ந்திருக்கிறது. எக்ஸிடான் சாவதற்குமுன் சட்டகத்தில் அலைந்து அலைந்து அந்த விருந்தாளியின் பக்கம் வந்து, கையிலிருப்பதை அதனிடம் கொடுத்துவிட்டுப் போகிறது. அப்படியானால் எவ்வளவு தூரம் அலைந்து வந்தது என்பதை அந்த வெளிச்சத்தை வைத்தே அளக்கலாம். நான் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில், அம்மாவின் டப்பா மூடியில் வந்து உட்கார்ந்திருந்தது; நான் அதற்கு என் பெயரை வைத்துக் கெடுத்திருந்தேன்.

இருவரும் சேர்ந்து, சுத்தப்படுத்திய நிறமியை அளந்து சேர்த்து, கண்ணாடித் தட்டில் உலர்த்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். கட்டுரையில் பார்கவியின் பெயர் முதலில் வந்தது. எனக்கும் பட்டம் கிடைத்தது, தாமதமாக. ‘சுகுணா நிலை’ என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்த ஸ்பூன்காரர் விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவரையும் அவர் அம்மாவையும் நைனா எனக்குச் சொல்லாமலே வேனில் ஏற்றி வந்திருக்கிறார், பெண் பார்க்க! பெண் பேசும்போது எப்படியிருக்கிறாள் என்று பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாராம். பார்த்துக்கொண்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் போன் செய்தார்.

“அன்னிக்கு ஹால்ல பின்னாடி சில பேரு சிரிச்சாங்க. நான் சிரிக்கலைங்க.”

“ஏன்?” என்றேன், கொஞ்சம் நெகிழ்ந்து.

“இன்னா நடக்குதுன்னே புரியல.”

அந்த நிறுவனத்தில் நான் இருந்த காலம் முழுவதும் இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை, நான் உட்பட. கல்யாணம் செய்துகொண்டேன்.

இன்றுவரை எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ‘கன்ட்ரோல் மாப்ள’. புதிதாக யார் வந்தாலும் நைனா அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். அவர்கள் முழித்தால் போயிற்று. உட்காரவைத்து விளக்க ஆரம்பித்துவிடுவார். எலக்ட்ரான் என்பவன் சீட்டை விட்டு எழுந்த பேசஞ்சர், ஆனாலும் அந்தச் சீட்டின் மேலேயே கண் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் நடப்பவன், வழியில் தெரிந்தவனைப் பார்த்துக் கையிலிருக்கும் பையைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவான் என்று போகும் அந்த விளக்கம். வருஷாவருஷம் அதில் கொஞ்சம் திருத்தமும் செய்கிறார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் ஆய்வேட்டைவிட அது தெளிவாக இருக்கிறது.

போன ஈஸ்டருக்குப் பிச்சாட்டூரிலிருந்து தூரத்து உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் வந்திருந்தார். நைனா சொன்னது அத்தனையும் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, காபி கொண்டுவந்த என் கையைப் பிடித்து அருகில் உட்காரவைத்துக்கொண்டார்.

“உங்க நைனாவுக்கு இன்னா மூளை பாரு. நீயும் இந்த சயின்ஸெல்லாம் கொஞ்சம் அவர்கிட்ட கத்துக்கினு இருக்கலாம்ல?”